மெட்டுகளுக்கு நடுவே ஒரு கமகம்

ஜாஸ் பியூஷன் லீட் கிட்டார் என்றதும் பலருக்கும் விரல் வேகம்தான் நினைவுக்கு வரும். இலங்கையின் எல்கடுவ போன்ற மலைத்தோட்ட ஊரில் இருந்து போனைப் பார்த்துக் கிட்டார் பழகும் பிள்ளையும் முதலில் அதைத்தான் துரத்தும். வேகம் பழகப் பழக வந்துவிடும். கிட்டாருக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு தடையைத் தாண்டுவதுதான் பெரிய வேலை.

அந்தத் தடை மெட்டு, அதாவது விரல் பலகையில் குறுக்கே பதித்த கம்பி. ஒவ்வொரு மெட்டும் அதிர்வெண்ணைச் சுமார் 5.95 விழுக்காடு கூட்டுகிறது. பன்னிரண்டு மெட்டு ஏறினால் இரட்டிப்பாகிவிடும். எந்தச் சுருதியிலும் பல சுரங்களைச் சேர்த்துக் கோர்ட் பிடிக்க இந்த ஒழுங்கு உதவும். ஆனால் தோடி ராகத்தின் காந்தாரத்தை மெட்டில் அசையாமல் விரல் வைத்து மீட்டிப் பாருங்கள். சுரம் இருக்கும், அதை அசைக்கும் கமகம் இல்லாததால் தோடி இருக்காது.

தப்பிக்க முக்கிய வழி தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பது. அதிர்வெண், தந்தியின் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பின்தொடரும். அதனால் அரைச்சுரம் ஏற்ற இழுவிசை சுமார் 12 விழுக்காடு கூடவேண்டும், முழுச்சுரத்துக்கு 26. புதிதாகப் பழகுகிறவரின் விரல் நுனி கன்றிப்போவது சும்மா அல்ல. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இழுத்தால் சுருதி ஏறுமே தவிர இறங்காது. இறங்கும் கமகம் வேண்டுமென்றால் மீட்டும் முன்பே தந்தியை இழுத்து வைத்துக்கொண்டு, மீட்டியபின் தளர்த்தவேண்டும். இழுக்கும் நேரத்தில் ஒலி இல்லாததால் காது உதவாது. எவ்வளவு தூரம் என்று விரலுக்கே தெரிந்திருக்கவேண்டும். வீணைக்காரர்களுக்கு இது பழைய பாடம்.

அந்தப் பாடத்தை வீணையிலேயே போய்க் கற்றவர் ஜான் மெக்லாக்லின். 1971இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கி மின்கிட்டாரில் புயல் கிளப்பிய இந்த ஆங்கிலேயர், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். பிறகு சக்தி குழு பிறந்தது. கடத்தில் விக்கு விநாயகராம், தபலாவில் ஜாகிர் உசேன், வயலினில் எல். சங்கர். சங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்குப் போனது. மெட்டே இல்லாத வயலினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈடுகொடுக்க மெக்லாக்லினின் கிட்டாரே மாறவேண்டியிருந்தது. மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழித்து, விரல் மரத்தில் உரசாமல் தந்தியை ஆழமாக இழுக்க வழி செய்தார்கள். கூடவே தாமாக அதிர்ந்து ரீங்கரிக்க ஏழு தந்திகளைக் குறுக்கே கட்டினார்கள்.

மின்கிட்டாரில் இன்னொரு வசதி ஓவர்டிரைவ். அது ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடும். மீட்டிய கணத்தின் பெரிய ஒலியும் பிறகு தேயும் ஒலியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கேட்பதால் சுரம் நீண்டு நிற்கும், கமகத்துக்கு நேரம் கிடைக்கும். ஆனால் அதிலேயே நிறைந்த கோர்ட் பிடித்தால் சுரங்களின் கூட்டலும் கழித்தலுமாகப் புது அதிர்வெண்கள் முளைத்து எல்லாம் கலங்கிப்போகும்.

இனி தாளம். அதைப் பழகக் கிட்டார்கூட வேண்டாம், வாய் போதும். நாலு அடி, அடிக்கு நாலு மாத்திரை, மொத்தம் பதினாறு. அதற்குள் தகிட, தகிட, தகிட, தகிட, தகதிமி என்று சொல்லிப் பாருங்கள். அழுத்தங்கள் 1, 4, 7, 10, 13ஆம் மாத்திரைகளில் விழும். அடிகளோ 1, 5, 9, 13இல். நடுவில் தாளம் தவறுவது போலத் தோன்றி, கடைசி அடியில் கச்சிதமாகச் சேரும். தனித்தனி மாத்திரையாக எண்ணினால் மனம் திணறும். சொற்கட்டாகப் பிடித்தால் ஐந்தே துண்டு. விநாயகராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து மெக்லாக்லின், இப்படி வாயால் தாளம் சொல்லும் கொன்னக்கோலுக்கென்றே 2007இல் ஒரு பாட டிவிடி வெளியிட்டார். காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கக் கேட்டு வளர்ந்த மலையகத்துக் காதுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு அந்நியமாக இருக்காது என்பது என் எண்ணம்.

கிட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குழித்த பலகை முதல் கிட்டாருக்கு வேண்டாம். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிவிடும். சாதாரணப் பலகையில் மெல்லிய தந்தி போட்டு, தம்புராச் சுருதிக்கு எதிரே ஒரே ஒரு அரைச்சுரத்தைச் சரியாக இழுக்கப் பழகுங்கள்.