பழைய வண்டியின் சஸ்பென்ஷன்: எது தேய்கிறது, எதை மாற்றுவது

டொயோட்டா குவாலிஸ் இந்தியச் சாலைகளுக்கு வந்தது 2000-இல். 2005-இல் இன்னோவா அதன் இடத்தைப் பிடித்தது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் குவாலிஸ்களில் இன்ஜின் பெரும்பாலும் உழைக்கிறது, தளர்ந்திருப்பது அடிப்பாகம்தான். முன்புறம் டார்ஷன் பார் எனப்படும் முறுக்குத்தண்டு, பின்புறம் பட்டை ஸ்பிரிங், நான்கு சக்கரங்களுக்கும் ஷாக் அப்சார்பர், இவற்றைச் சட்டத்தோடு பிணைக்கும் ரப்பர் புஷ்கள், பால் ஜாயிண்டுகள் ஆகிய எல்லாம் சேர்ந்ததே அதன் சஸ்பென்ஷன். அதே காலத்து பொலேரோவிலும் சுமோவிலும் அமைப்பு சற்று மாறும். தேயும் விதம் மாறாது.

பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது அந்த அசைவின் ஆற்றலை ஸ்பிரிங் வாங்கி வைத்துக்கொள்கிறது. வாங்கியதை அது திருப்பிக் கொடுத்தே தீரும். ஷாக் அப்சார்பர் இல்லாவிட்டால் வண்டியின் உடல் வினாடிக்கு ஒன்று, ஒன்றரை முறை வீதம் நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். சக்கரமும் அச்சும் வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் துடிக்கும். ஷாக் அப்சார்பரின் உள்ளே ஒரு பிஸ்டன் குறுகிய துளைகள் வழியே எண்ணெயைத் தள்ளி, அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. கரடுமுரடான சாலையில் ஓடி வந்த வண்டியின் ஷாக் அப்சார்பர்களைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். மூன்று சூடாக, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த ஒன்று வேலை செய்யவில்லை.

சீல் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து, தூசி ஒட்டிய கறுப்புப் படலமாக உடலில் படியும். கசிவே இல்லாமலும் ஷாக் அப்சார்பர் செத்துப்போகலாம்: உள்ளிருக்கும் வால்வு தளர்ந்திருக்கும், அல்லது நைட்ரஜன் வாயு வெளியேறி எண்ணெய் நுரைத்திருக்கும். பானெட்டை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் சோதனை காருக்கு ஓரளவு உதவும். பட்டை ஸ்பிரிங் வண்டியின் பின்பக்கத்தில் அதை நம்பக் கூடாது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் உராய்வே ஆட்டத்தை அடக்கிவிடுவதால், செத்த ஷாக் அப்சார்பரும் நல்லதுபோலத் தோன்றும். டயர்தான் உண்மையான சாட்சி. அதன் சுற்றளவில் உள்ளங்கையை ஓட்டினால், இடைவெளி விட்டு விட்டுக் குழிவுகள் தட்டுப்படும். சக்கரம் தரையைத் தொட்டும் விட்டும் ஓடியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அப்படிப்பட்ட சக்கரம் பிரேக் பிடிக்கும்போதும் தரையை முழுதாகப் பற்றாது.

ஆனால் பழைய வண்டியில் ஷாக் அப்சார்பருக்கு முன்பே பணம் போக வேண்டிய இடம் ரப்பர். இரும்புக்குழாய் இரண்டுக்கு நடுவே ரப்பரை ஒட்டவைத்த சிறிய உருளைதான் புஷ். சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் ஆர்ம், அதாவது கை, மேலும் கீழும் அசையும்போது புஷ் சுழல்வதில்லை. ரப்பரே முறுகி இடம் கொடுக்கிறது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஆக்ஸிஜனும் வெப்பமும் ஆண்டுக்கணக்கில் மாற்றிவிடுகின்றன. ரப்பர் இறுகி, நெகிழ்வை இழக்கிறது. இழுபட்டு நிற்கும் பரப்பில் காற்றிலுள்ள ஓசோன் விரிசலிடுகிறது. எண்ணெய் பட்ட ரப்பரோ ஊதி மிருதுவாகிறது. அதனால் வண்டி குறைவாக ஓடியிருந்தாலும் இருபது வயதான புஷ் இருபது வயதானதுதான். அது தளர்ந்துவிட்டால் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும், மேடுபள்ளத்தில் 'டொக் டொக்' என்று தட்டும், அலைன்மென்ட் செய்தாலும் நிற்காது.

புதிய புஷ்ஷைச் சீக்கிரமே பாழாக்கும் தவறு ஒன்று பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். அந்தத் தொங்கு நிலையே ரப்பரின் இயல்பு நிலையாகப் பூட்டப்படுகிறது. வண்டி தரைக்கு வந்ததும், நின்றுகொண்டிருக்கும்போதே ரப்பர் முறுகிக்கிடக்கிறது. ஒவ்வொரு பள்ளமும் அதை இன்னும் முறுக்குகிறது. சில மாதங்களில் ஒட்டு கிழிந்துவிடும். பழி உதிரிபாகத்தின் மேல் விழும். போல்ட்டை விரலால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பின் சற்று உருட்டி, எடை அமர்ந்த பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். பாலியூரித்தேன் புஷ்கள் நீண்ட நாள் உழைக்கும் என்றாலும் சாலையின் அதிர்வை உள்ளே கடத்தும். தினசரி ஓட்டத்துக்கு நல்ல ரப்பரே போதும்.

பால் ஜாயிண்டில் தளர்வு இருக்கிறதா என்று பார்க்க, ஸ்பிரிங் எந்தக் கையை அழுத்துகிறதோ அந்தக் கையின் அடியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்க வேண்டும். அப்போதுதான் ஜாயிண்டின் மேலிருக்கும் எடை விலகும். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பால் ஜாயிண்டுடையதாகவோ வீல் பேரிங்குடையதாகவோ இருக்கும். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, ஆட்டம் மறைந்தால் குறை பேரிங்கில். அப்படியே இருந்தால் ஜாயிண்டில். இடமும் வலமும் ஆட்டும்போது அசைந்தால் குறை ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையில். கீழ்ப் பால் ஜாயிண்ட் ஓட்டத்தில் கழன்றால் சக்கரம் சாய்ந்து ஸ்டியரிங் கைவிட்டுப்போகும். இதில் சிக்கனம் கூடாது.

ஸ்பிரிங்குக்கு வருவோம். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப்பால் அளந்தால் தொய்வு தெரிந்துவிடும். பின்பட்டைகளில் விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் தொடங்கும். பாரம் ஏறும்போது வளைவு நிமிர்ந்து அந்தப் பக்கம் இழுவிசைக்கு உள்ளாகிறது, துருக்குழி இருந்தால் அங்கிருந்தே களைப்புப் பிளவு புறப்படுகிறது. தொய்ந்த பட்டையைச் சுத்தியால் அடித்து வளைவு ஏற்றித் தருபவர்கள் உண்டு. முறையான வெப்பப் பதம் இல்லாமல் செய்தால் அது சீக்கிரமே மீண்டும் படுத்துவிடும். கூடுதலாக ஒரு பட்டை சொருகினால் உயரம் கிடைக்கும், சொகுசு போகும். பின்பிரேக்கின் அழுத்தத்தைப் பாரத்துக்கேற்பக் கட்டுப்படுத்தும் வால்வு உள்ள வண்டிகளில் அந்தக் கணக்கும் கலையும்.

முன்பக்கம் தாழ்ந்தால் டார்ஷன் பாரின் முனையிலுள்ள போல்ட்டைத் திருகி உயர்த்தலாம். இதனால் ஸ்பிரிங் கெட்டியாகிறது என்ற நம்பிக்கை தவறு. தண்டின் விறைப்பை அதன் நீளமும் விட்டத்தின் நான்காம் படியும் தீர்மானிக்கின்றன. திருகல் அவற்றை மாற்றாது. அளவுக்கு மீறித் திருகினால் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைந்து, பள்ளம்தோறும் தடுப்பில் மோதும். கழற்றினால் இடது தண்டை வலப்பக்கம் மாட்டவே கூடாது. இரண்டும் எதிரெதிர்த் திசை முறுக்குக்குப் பழக்கப்பட்டவை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாதவர்கள் முதலில் ஜாயிண்டுகளையும் டை ராட் முனைகளையும், பிறகு புஷ்களையும், அதன்பின் ஷாக் அப்சார்பர்களையும் செய்யலாம். ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். பட்டையைக் கழற்றினால், அதை அச்சோடு பிணைத்திருந்த பழைய யு-போல்ட் திரும்பப் போடத் தகுந்ததல்ல. ஒருமுறை இழுபட்டு நீண்ட மரை அதே இறுக்கத்தைத் தராது. உயரம் சரியான பிறகே வீல் அலைன்மென்ட். புதிய யு-போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் டார்க் ரெஞ்ச் கொண்டு மறுபடி இறுக்க வேண்டும். பட்டைகள் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து சற்றே இடம் விட்டிருக்கும்.