குளத்து நீரும் ஆபத்தே: உல்லாசப் படகுகளின் பாதுகாப்புச் சாதனங்களும் பயணியின் உரிமைகளும்

கொங்கு மண்டலத்துக்குக் கடற்கரை இல்லை என்றாலும் படகுச் சவாரிக்குக் குறைவில்லை. கோவை மாநகருக்குள் வாலாங்குளத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம், காரமடை வனச்சரகத்தில் பில்லூர் அணையின் பின்நீரில் வனத்துறை நடத்தும் பரளிக்காடு பரிசல் பயணம், ஏற்காடு ஏரி, மலையேறினால் உதகை ஏரி என விடுமுறை நாள்களில் குடும்பங்கள் நாடிச் செல்லும் நீர்நிலைகள் பல உள்ளன. இவற்றில் அலையோ வேகமான நீரோட்டமோ இல்லை என்பதாலேயே எச்சரிக்கை உணர்வும் குறைந்துவிடுகிறது. உயிர்காப்பு அங்கியை வாங்கி மடியில் வைத்துக்கொள்வோரும், படம் எடுப்பதற்காக அதைக் கழற்றிவிடுவோரும் இந்த நம்பிக்கையில்தான் அப்படிச் செய்கின்றனர்.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை என்பதை 2009 முதல் நடந்த விபத்துகள் காட்டுகின்றன. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேரும், 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேரும் உயிரிழந்தனர். கோவைவாசிகள் கூர்ந்து நோக்க வேண்டியது 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வடோதரா நகரில் ஹரணி ஏரியில் நடந்த விபத்தாகும். வாலாங்குளத்தைப் போலவே அதுவும் நகருக்குள் அழகுபடுத்தப்பட்ட ஏரி. பள்ளிச் சுற்றுலா வந்த குழந்தைகள், கொள்ளளவை மீறி ஆள் ஏற்றிய படகில், பலர் அங்கியின்றி அமர்த்தப்பட்டனர். 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் மாண்டனர். இந்த நான்கும் நடுக்கடலில் நடந்தவை அல்ல.

படகில் இருக்க வேண்டிய சாதனங்களில் முதன்மையானது, ‘லைஃப் ஜாக்கெட்’ எனப் பரவலாக அழைக்கப்படும் உயிர்காப்பு அங்கி. அதன் ஆற்றல் நியூட்டன் என்ற அலகில் குறிக்கப்படுகிறது. 10 நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தாங்கும் மிதப்பு விசை. வளர்ந்த மனிதர் ஒருவரின் தலை நீருக்கு மேல் நிற்பதற்குப் பொதுவாக 3 முதல் 5 கிலோ அளவுக்குக் கூடுதல் மிதப்பு போதும் என்பதால், 50 நியூட்டன் அங்கியே போதுமெனத் தோன்றலாம். ஆனால் அவ்வகை அங்கி, நீந்தத் தெரிந்து, உதவியும் அருகில் இருப்போருக்கானது. மயங்கியவரின் முகத்தை அது வானை நோக்கித் திருப்பி வைக்கும் என்று நம்ப முடியாது. கழுத்துப் பட்டையுடன் கூடிய 100 நியூட்டன் அங்கி, அமைதியான நீரில் அவ்வாறு திருப்பி மிதக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. ஆகவே நீந்தத் தெரியாத பயணிகளை ஏற்றும் இடத்தில் எது இருக்க வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

அங்கியைச் சோதிக்கப் பயணிக்கு அரை நிமிடம் போதும். உட்புறத் துணிச்சீட்டில் நியூட்டன் அளவும், எந்த உடல் எடைக்கு உரியது என்பதும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எல்லாப் பக்கிள்களும் ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். வெயிலில் வெளுத்து நூல் பிரிந்த பட்டைகளும், பலர் மேலே உட்கார்ந்து உட்கார்ந்து தட்டையாகிப்போன நுரைப்பொருளும் ஆபத்தின் அறிகுறிகள், ஏனெனில் நசுங்கிய நுரை தன் மிதப்பை இழக்கிறது. அணிந்தபின் தோள்பட்டைகளைப் பிடித்து மற்றொருவர் மேலே தூக்கும்போது அங்கி காதுவரை ஏறினால், நீரிலும் அது அப்படியே ஏறி, உடல் மட்டும் கீழே நழுவிவிடும். குழந்தைக்குப் பெரியவரின் அங்கியை மாட்டிவிடுவது மிகப் பரவலான பிழை. குழந்தை அங்கிக்குக் கால்களுக்கு இடையே செல்லும் பட்டை அவசியம். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, அங்கி பற்றிய விவரம் கிடைத்தவர்களில், மூழ்கி இறந்தோரில் 87 விழுக்காட்டினர் அதை அணிந்திருக்கவில்லை என்கிறது. ஒவ்வொரு படகிலும் அங்கிகளை ஏற்றிவைக்கும் அந்நாட்டிலேயே இந்நிலை என்றால், படகில் இருக்கும் அங்கி பாதுகாப்பு ஆகாது, உடலில் பூட்டிய அங்கியே பாதுகாப்பு என்பது விளங்கும்.

கயிறு கட்டிய மிதவை வளையம், உதிரித் துடுப்பு, உள்ளே புகும் நீரை இறைக்க ஒரு பாத்திரம் அல்லது பம்பு, விசில், முதலுதவிப் பெட்டி, எந்திரப் படகானால் தீயணைப்பான், கரையில் எந்நேரமும் தயாராக நிற்கும் மீட்புப் படகு ஆகியவை அடுத்து வருபவை. இவை எல்லாம் இருந்தும் சுமை மிகுந்தால் பயனில்லை. நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் படகு விளிம்பின் உயரம் குறையக் குறைய, சிறு சாய்விலேயே நீர் உள்ளே புகும். எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து சென்றால் இரண்டடுக்குப் படகு கவிழ்வதற்கு வேறு காரணமே தேவையில்லை. பரிசலின் இயல்பு வேறு. வட்டமான, தட்டை அடியுடைய அந்தக் கலம், பயணிகள் விளிம்பை ஒட்டிச் சமமாகப் பரவி உட்கார்ந்திருக்கும்வரை உறுதியாக மிதக்கிறது. ஒருவர் எழுந்து நின்றாலே நிலை தடுமாறுகிறது. பரிசல் ஓட்டி “எந்திரிக்காதீங்க” என்று அதட்டுவதை அவமதிப்பாகக் கொள்வது அறிவீனம். ஒகேனக்கல்லில் காவிரி நீர்வரத்து உயரும்போது பரிசல் ஓட்ட மாவட்ட நிர்வாகம் விதிக்கும் தடையும் இத்தகைய பாதுகாப்பு நடவடிக்கையே.

சட்டநிலையைப் பொறுத்தவரை, 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், எந்திரப் படகுகளுக்குப் பதிவு, தகுதி ஆய்வுச் சான்றிதழ், காப்பீடு, ஓட்டுநர் தகுதி, உயிர்காப்புச் சாதனங்கள் ஆகியவற்றை வேண்டுகிறது. எந்திரமற்ற கலங்களும் உள்ளூர் அளவில் பதியப்பட வேண்டும் என்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இல் படகுப் பாதுகாப்புக்கெனத் தனி வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டுள்ளது. ஏட்டில் உள்ளவை படகுத்துறையில் உள்ளனவா என்பதை அறியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும்: சுற்றுலா வளர்ச்சிக் கழகம், வனத்துறை, மாநகராட்சி ஆகியவை அதன் வரம்புக்குள் வருவதால், ஆய்வுச் சான்றிதழின் நகல், காப்பீட்டு விவரம், அங்கிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டு மனு அளித்தால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். பள்ளிச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் இதைச் செய்யலாம், செய்வோர் அரிது.

பணம் கொடுத்துப் பயணச்சீட்டு வாங்கியவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆவார். பொருத்தமான அங்கி தர மறுப்பதும், கொள்ளளவை மீறி ஏற்றுவதும் சேவைக் குறைபாடு எனப்படும், அதாவது சட்டமோ ஒப்பந்தமோ எதிர்பார்க்கும் தரத்தில் சேவை இல்லாமை. அத்தகைய படகில் ஏற மறுத்துக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். சீட்டின் பின்புறம் ‘விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சிட்டிருந்தாலும், நிர்வாகத்தின் அலட்சியத்தால் நேர்ந்த இழப்புக்கு அவ்வாசகம் கவசமாகாது. பாதுகாப்பற்ற அல்லது அளவுமீறிச் சுமையேற்றிய கலத்தில் கூலிக்கு ஆளேற்றுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறைக்குரிய குற்றம்; அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் 106ஆம் பிரிவு பொருந்தும். சம்பவ எல்லை எதுவாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியக் கோரலாம்.

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். எந்த ஆணையம் என்பதை முடிவு செய்வது கோரும் இழப்பீட்டுத் தொகை அல்ல, சேவைக்குச் செலுத்திய தொகை என்பதால், படகுச் சீட்டு வழக்குகள் மாவட்ட அளவிலேயே தொடங்கும். மனுக் கட்டணமும் இராது. விபத்து கேரளத்தில் நடந்திருந்தாலும் திருப்பூரில் வசிப்பவர் திருப்பூரிலேயே வழக்கிடலாம். பயணி இறந்திருந்தால் அவருடைய சட்டப்படியான வாரிசுகள் வழக்கிடலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். பயணச்சீட்டு, படகின் எண், அங்கியின் நிலையைக் காட்டும் படம் ஆகியவற்றைப் பாதுகாத்து வைத்துக்கொள்ள வேண்டும். வழக்குக்கு முந்தைய ஆலோசனைக்கும் புகாருக்கும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.