தூணைக் காக்கும் கொக்கி

அடுக்குமாடி கட்டுமிடத்தில் எல்லாருடைய கண்ணும் தூணின் மெயின் கம்பிகள் மேல்தான் இருக்கும். நிலநடுக்கப் பொறியாளர் தேடிப் பார்ப்பது, அவற்றைச் சுற்றிக் கட்டியிருக்கும் 8 மி.மீ. ரிங்கை, அதிலும் அதன் முனை எப்படி மடங்கியிருக்கிறது என்பதை.

பெரிய நடுக்கத்தில் கட்டடம் சேதமே ஆகக்கூடாது என்று விதிகள் கேட்பதில்லை. வெடிக்கட்டும், வளையட்டும், பிறகு இடிக்கவேண்டி வந்தாலும் போகட்டும். ஆள்மேல் விழக்கூடாது, அவ்வளவுதான். எது முதலில் சேதமாகலாம் என்பதையும் வடிவமைக்கும்போதே தீர்மானித்துவிடுகிறார்கள். பீம் விட்டுக்கொடுக்கலாம், தூண் கூடாது. தூண் போனால் அதன் மேலுள்ள அத்தனை மாடியும் போகும்.

கட்டடம் பக்கவாட்டில் ஆடும்போது தூணின் மேல்முனையும் அடிமுனையும்தான் அதிகம் அடிபடுகின்றன. அங்கே வெளிப்புறக் கான்கிரீட் உதிர்கிறது. உள்ளே விரிசல்விட்ட கான்கிரீட் பிதுங்கப் பார்க்கிறது; மெயின் கம்பிகள் வெளியே வளையப் பார்க்கின்றன. இரண்டையும் இறுக்கிப் பிடிப்பது ரிங் ஒன்றுதான். அதன் முனையை 90 டிகிரியில் மடக்கியிருந்தால், வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் கொக்கி விரிந்து ரிங் திறந்துகொள்ளும். 135 டிகிரியில், தூணின் உட்பகுதிக்குள் புதையுமாறு மடக்கினால் அப்படி விரியாது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தரநெறி ஐ.எஸ். 13920, 1993 முதல் இதைத்தான் வலியுறுத்துகிறது. தூண் முனைகளில் ரிங்குகளின் இடைவெளி 100 மி.மீ.ஐத் தாண்டக்கூடாது என்பதும் அதில் உண்டு.

1971இல் கலிபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ நடுக்கம் இதை அப்பட்டமாகக் காட்டியது. ஆலிவ் வியூ மருத்துவமனையின் தரைத்தளத்தில், நெருக்கமான சுருள் கம்பி சுற்றிய தூண்கள் கான்கிரீட் உதிர்ந்து சாய்ந்த பிறகும் பாரம் தாங்கின. தள்ளித் தள்ளி ரிங் போட்ட தூண்கள் நொறுங்கின.

2001 ஜனவரி 26இல் குஜராத்தின் கட்ச் நடுக்கத்தின்போது, 200 கி.மீ.க்கு அப்பாலிருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கார் நிறுத்தத் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் திறந்து விட்டவை. மேல்மாடிகளைச் சுவர்கள் விறைப்பாக்க, ஆட்டம் முழுவதும் கீழ்த்தூண்கள் தலையில் விழுந்தது. நம் ஊர்களிலும் இதே வடிவம்தான் வாடிக்கை. சென்னையோ இந்தியாவின் 2002 நிலநடுக்க மண்டல வரைபடத்தில், ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

இத்தகைய தூண்களுக்குத்தான் 135 டிகிரி கொக்கி அவசியம்; ஆனால் கம்பி கட்டுபவருக்கு அது தொல்லைதான். மெயின் கம்பிகளுக்கிடையே நுழைக்க நேரம் பிடிக்கும் என்பதால் 90இலேயே விட்டுவிடுவார்கள். வீடு கட்டுபவர் அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு: தூணுக்குப் பலகை அடைப்பதற்கு முன்.