தும்பிக்கு எவ்வளவு கிட்டப் போவது

ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பியதும் உப்புவெளி யுத்த மயானத்தின் புல்வெளிக்கு மேலே தும்பிகள் வந்துவிடும். பறந்துகொண்டே இருக்கும், இறங்கி இருப்பது குறைவு. இருந்தால், காய்ந்த தண்டொன்றைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாகத் தொங்கும். தலையிலிருந்து வால் நுனிவரை நாலரைச் சென்ரிமீற்றர். இந்த இனம் இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாக ஆபிரிக்கா வரை கடல் கடக்கிறது என்பதற்கான சான்றுகளை 2009இல் சாள்ஸ் அண்டர்சன் என்ற கடலுயிரியலாளர் எழுதி வெளியிட்டார். 1984இல் என் பெரியப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது தும்பியின் நீளமும், தன் கமராவுக்குள் அது கொள்ளுமா என்பதும்தான்.

கமரா, சோவியத் நாட்டின் செனித்-ஈ. அதன் லென்ஸ் 58 மில்லிமீற்றர் ஹீலியோஸ். தனியே நின்றால் அரை மீற்றருக்குக் கிட்ட வந்த எதையும் அது தெளிவாகக் காட்டாது. ஆகவே லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவே திருகிப் பூட்ட மூன்று வெற்று வளையங்கள் வைத்திருந்தார்: 7, 14, 28 மில்லிமீற்றர். கண்ணாடி எதுவும் இல்லாத உலோக வளையங்கள். மூன்றையும் சேர்த்தால் 49. அதை 58ஆல் வகுத்தால் 0.84. அதாவது, பிலிமில் விழும் உருவம் அசலில் 84 வீதம். 36 மில்லிமீற்றர் அகலப் பிலிம் சட்டத்தில் 42 மில்லிமீற்றர்ப் பொருள் அடங்கும். தும்பியோ 45. நேராகப் பிடித்தால் வால் வெட்டுப்படும். மூலைக்கு மூலை சாய்த்துப் பிடித்தால் தப்பும். அவருடைய தும்பிப் படங்கள் எல்லாவற்றிலும் தும்பி சாய்ந்தே தொங்குவதை அவருடைய கலையுணர்வு என்று நான் பலகாலம் நம்பியிருந்தேன்.

நெருக்கப் படத்துக்கென்றே செய்த லென்ஸ்கள் அப்போதும் உலகத்தில் இருந்தன. ஜேர்மானியரான கில்பிற்றின் நிறுவனம் 1955இலேயே மக்ரோ-கிலார் என்று ஒன்றைச் சந்தைக்கு விட்டது. நிக்கோன் 55 மில்லிமீற்றரில் ஒன்று வைத்திருந்தது. 1979இல் டம்ரன் 90 மில்லிமீற்றரில் ஒன்று கொண்டுவந்தது. பின்புறப் பூட்டை மாற்றினால் பெரும்பாலான கமராக்களில் பொருந்தும். பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்துக்கு அவையெல்லாம் படத்தில் பார்க்கும் பொருட்கள். வளையம் ஏழைக்கேற்ற வழி.

வளையத்தின் விலை வேறு இடத்தில் அறவிடப்பட்டது. லென்ஸைப் பிலிமிலிருந்து தள்ள வெளிச்சம் குறைகிறது. 49 மில்லிமீற்றர் தள்ளினால் உள்ளே வருவது மூன்றில் ஒரு பங்கிலும் குறைவு. செனித்தின் நெற்றியில் இருந்த ஒளிமானிக்குப் பற்றறி தேவையில்லை என்பது அந்தக் காலத்தில் பெரிய வரம். ஆனால் அது வெளியே இருந்து வெயிலைப் பார்ப்பது, லென்ஸுக்குப் பின்னால் மூன்று வளையம் பூட்டியிருப்பதை அறியாது. பெரியப்பா ஒரு பச்சை அட்டைக் கொப்பியில் கட்டம் கீறி ஒவ்வொரு வளையச் சேர்க்கைக்கும் எத்தனை மடங்கு வெளிச்சம் கூட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். நூறு ஏஎஸ்ஏ பிலிம், துவாரம் 11, நல்ல வெயில்: அவருடைய கணக்கில் ஷட்டர் 60இல் ஒரு வினாடி. அதுவும் கடல் காற்றில் ஆடும் தண்டில். தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை மில்லிமீற்றர் சொச்சம். கண் தெளிந்தால் இறகு மங்கும். லென்ஸின் முகத்துக்கும் தும்பிக்கும் நடுவே கையகல இடைவெளி. காலை ஆறரைக்குப் போய்ப் புல்லில் குந்தி இருப்பார். தும்பி தன்னைக் கல்லென்று நினைக்கும்வரை இருக்க வேண்டும் என்பார்.

ஒரு ரோலில் 36 படம். அதைக் கொழும்புக்குப் போகும் யாரிடமாவது கொடுத்துவிட்டால் கழுவி வர இரண்டு மூன்று கிழமை. வந்ததில் நான்கைந்து தேறினால் வீட்டில் அன்றைக்குப் பாயாசம்.

அவருக்கு முந்திய காலத்தில் கிட்டப் பார்ப்பதற்கு வேறு வழி இருந்தது. வூட்ஹவுஸ் 1942இல் வெளியிட்ட இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலின் தலைமுறை வலையும் விஷப் போத்தலும் குண்டூசியுமாகத் திரிந்தது. கொன்று குத்தி வைத்த பூச்சியை எவ்வளவு நேரமும் பார்க்கலாம். இன்று பல வண்ணத்துப்பூச்சிகளையும் தும்பிகளையும் பிடிப்பதே சட்டப்படி குற்றம், படம்தான் சான்று. அந்த வகையில் பெரியப்பா கொஞ்சம் முந்திப் பிறந்தவர் என்று சொல்லலாம்.

பிறகு வந்த யுத்த வருடங்களில் எங்கள் துறைமுகப் பட்டினத்தில் கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதே விளக்கம் சொல்ல வேண்டிய காரியமாயிற்று. ஒரு சோதனைச்சாவடியில் மண்மூட்டைக்குப் பக்கத்து மேசையில் அந்த மூன்று வளையங்களையும் வரிசையாக வைத்து, இது எதற்கு என்று கேட்டார்கள். தும்பிக்கு என்றார். நம்பும்படியான பதில் அல்ல. ஒரு வளையத்தை எடுத்துக் கண்ணில் வைத்து அதற்குள்ளால் அவரைப் பார்த்த இளம் சிப்பாய்தான் முதலில் சிரித்தது. விட்டுவிட்டார்கள். ஆனால் அதன் பிறகு பெரியப்பா வளையங்களை வீட்டை விட்டு வெளியே எடுத்ததில்லை. வளவுக்குள் இருந்த மாமரத்து முசுறுகளோடு அவருடைய படக்கலை சுருங்கிக்கொண்டது.

இப்போது அக்காவின் மகள் கையில் இரண்டாம் கை மிரர்லெஸ் கமரா. போன மாதம் போனை நீட்டினாள்.

"மாமா, இதில ஒண்டுக்கு ஒண்டு எண்டு போட்டிருக்கு. விலையும் குறைவு. எடுக்கலாமா?"

காட்டியது டிடி ஆர்டிசன் 40 மில்லிமீற்றர். 2021இல் வெளிவந்தபோது விலை 99 டொலர். டொலர் 300 ரூபாய் என்றால், வரியும் அனுப்புகூலியும் சேராமல், முப்பதாயிரம். 2022 மே மாதம் டொலர் 360ஐத் தாண்டி நின்ற நாட்களை நினைத்தால் இது மலிவுக்காலம். அதே 2021இல் கெனன் கொண்டுவந்த 100 மில்லிமீற்றர் மக்ரோ 1,399 டொலர். நாலு இலட்சத்துக்கு மேல். நடுவில் சீனத்து லாவோவா: 2015இல் 60 மில்லிமீற்றரிலும் 2019இல் 100 மில்லிமீற்றரிலும் அசலைப்போல இரண்டு மடங்கு காட்டும் லென்ஸ்கள், அந்தக் கெனனின் விலையில் பாதிக்கும் கீழே. இருக்கிற லென்ஸின் முகத்தில் கவ்விக்கொள்ளும் ரேநொக்ஸ் கண்ணாடி இன்னும் மலிவு. பெரியப்பாவுக்கு வழி ஒன்று. இவளுக்கு இத்தனை.

ஆனால் இந்த 'ஒன்றுக்கு ஒன்று' என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது. இவளுடைய கமராவின் சென்சர் பிலிமை விடச் சிறியது, அகலம் 23.5 மில்லிமீற்றர். ஒன்றுக்கு ஒன்றில் அதற்குள் அடங்குவது 23.5 மில்லிமீற்றர் அகலம் மட்டும். தும்பியின் பாதி. முழுத் தும்பி அடங்க அசலில் பாதி போதும். அப்படியானால் 1979இன் அந்த டம்ரன், உச்சத்திலேயே பாதியளவுதான் காட்டும் என்று பலர் ஒதுக்கிவிட்ட பழைய லென்ஸ், இவளுக்குச் சரியாகப் பொருந்துகிறது. கையால் திருப்பித் தெளிவாக்க வேண்டும். மக்ரோவில் அது குறையே அல்ல. முக்கியமானது, அது பாதியளவு காட்டும்போது தும்பிக்கும் லென்ஸ் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். 40 மில்லிமீற்றர் லென்ஸ் தன் உச்சத்தில் நாலு விரலகலத்துக்கும் உள்ளே போய்விடும். லென்ஸின் நிழலே பூச்சியில் விழும். சிப்பி, பூ, அசையாத பொருள் என்றால் அதை வாங்கு, பறப்பது என்றால் 90க்குக் குறையாதே என்றேன். விற்பவர்கள் உருப்பெருக்கத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், தூரத்தைச் சின்ன எழுத்தில்.

ஷட்டர்க் கணக்கும் மாறிவிட்டது. பெரியப்பாவின் அதே துவாரம், அதே வெயில், அதே வளையம். ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றினால் 60இல் ஒரு வினாடி 500இல் ஒரு வினாடியாகிறது. காற்று ஆட்டட்டும். ஒரு காலையில் 400 படம் எடுத்து, திரும்பும் வழியில் முச்சக்கரவண்டிக்குள்ளேயே 390ஐ அழித்துவிடுகிறாள். புறாத்தீவுக் கடலுக்குள் இறங்குபவர்கள் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒலிம்பஸ் டிஜி கமராவைப் பவளத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கிட்டக் கொண்டுபோகிறார்கள். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் மூழ்கிக் கோணேசர் கோயில் தூண்களைக் கண்ட காலத்தில், படமெடுக்கப் பளிச்சென்று எரியும் பல்ப் ஒவ்வொன்றும் ஒரு படத்தோடு முடிந்துவிடும்.

கிண்ணியாவுக்குப் பாதையில், அதாவது மிதவைப் படகில், போன காலம் ஒன்று இருந்தது. பாதை அக்கரையில் நின்றால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பெரியப்பா சேற்றில் குந்தியிருந்து, ஒரு கொடுக்கை ஆட்டிக்கொண்டு நிற்கும் சின்ன நண்டுகளைப் படம் பிடித்திருக்கிறார். கொப்பியில் அதற்குத் தனிப் பக்கம்: எந்த நிழலுக்கு ஓடும், எத்தனை நிமிடத்தில் திரும்ப வளையை விட்டு வரும். 2009இல் 396 மீற்றர்ப் பாலம் திறந்தது. இப்போது மோட்டார் சைக்கிளில் ஒரு நிமிடம் ஆகாது. நோயாளிகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் அந்தப் பாலம் என்னவென்று ஊர் அறியும். நண்டைப் பார்க்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

மாறாதது உப்பும் ஈரமும். அந்தக் காலத்தில் வறுத்த அரிசி போட்ட பிஸ்கட் தகரத்துக்குள் லென்ஸ் இருந்தது. இன்று சிலிக்கா ஜெல் போட்ட பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இருக்கிறது. பூஞ்சணம் இரண்டையும் பொருட்படுத்துவதில்லை. இரண்டாம் கை லென்ஸ் எடுப்பவர்கள் விலை பேசுமுன் ஒரு ரோர்ச் வெளிச்சத்தைப் பின்னாலிருந்து அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் எவ்வளவு மலிவென்றாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பெரியப்பாவின் ஹீலியோஸிலும் ஓரத்தில் ஒரு நூல் ஓடியிருந்தது. எடுப்பதென்று முடிவான டம்ரன் வந்து சேரும்வரை அதைப் பாவிக்கிறேன் என்று அக்காவின் மகள் ஒரு சிறு இணைப்பு வளையம் வாங்கித் தன் கமராவில் பூட்டினாள். 49ஐயும் சேர்த்து மயானத்துக்குப் போனோம். திரையில் தும்பியின் தோளும் இறகடியும் மட்டும் விழுந்தன. 7ஐயும் 14ஐயும் கழற்றி என் கையில் தந்தாள். 28 தனியே நின்றது. தும்பி நேராக, வால் நுனி வெட்டுப்படாமல், இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டுத் தொங்கியது.

வீட்டுக்கு வந்து கொப்பியைப் புரட்டினாள். '28 மட்டும்' என்ற நிரலில் பெரியப்பா வெளிச்சக் கணக்கை எழுதியிருந்தார். பக்கத்தில் 'பொருள்' என்ற கட்டத்தை நிரப்பவில்லை. பேனை இருக்கா மாமா என்று கேட்டாள்.