புற்றுநோய்ச் சிகிச்சை: தொடர்வதா நிறுத்துவதா என்பதை யார் தீர்மானிப்பது?

ஒஸ்லோவின் குளிர்காலத்தில் ஒக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தைப் பெறுபவர்களுக்கு, வீட்டுக் கதவின் இரும்புக் கைப்பிடியைத் தொடுவதே ஒரு சோதனையாகிவிடும். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர் வழங்கப்படும் இம்மருந்து, குளிர்ந்த பொருள் பட்டவுடன் விரல்களில் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வை ஏற்படுத்துகிறது. குளிர்காற்றை உள்ளிழுத்தால் தொண்டை இறுகுகிறது. சிலருக்குச் சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கடந்த பின்னரும் கைகால் மரத்துப்போவது நீடிக்கிறது.

1980களில் அகதிகளாகவும் மாணவர்களாகவும் நோர்வே வந்து, வடபகுதி மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்து, பின்னர் ஒஸ்லோவில் குடியேறிய இலங்கைத் தமிழர்களில் பலர் இன்று அறுபது வயதைக் கடந்துவிட்டார்கள். புற்றுநோய் அதிகம் கண்டறியப்படும் வயது அது. ஆகவே, இந்த வேதனையைப் பொறுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடர்வதா, நிறுத்திக்கொள்வதா என்ற கேள்வி இப்போது தமிழ்க் குடும்பங்களுக்குள்ளும் எழத் தொடங்கியிருக்கிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1999இல் நிறைவேற்றப்பட்டு 2001இல் நடைமுறைக்கு வந்த நோயாளர் உரிமைச் சட்டத்தின்படி, சிகிச்சைக்கு நோயாளியின் சம்மதம் தேவை. கொடுத்த சம்மதத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். தன் நோய் பற்றி அறிய விரும்பவில்லை என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் சுயநினைவோடு, முடிவெடுக்கும் நிலையில் உள்ள ஒருவரிடமிருந்து உண்மையை மறைக்கும்படி மகனோ மகளோ கோர முடியாது.

எமது வழக்கம் இதற்கு நேர்மாறானது. "அம்மாவிடம் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டா" என்ற வேண்டுகோளுடன் மருத்துவரின் அறைக்குள் நுழையும் பிள்ளைகளை இக்கட்டுரையாளர் அறிவார். அவர்களது அன்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. எனினும் அங்கே மொழிபெயர்ப்பாளராக அமர்பவரும் பெரும்பாலும் அதே பிள்ளைதான். மருத்துவர் சொல்வது தாய்க்கு மென்மையாக்கப்பட்டுச் சென்றடைகிறது. தாய் சொல்லும் வலியும் பாதி வழியிலேயே குறைந்துவிடுகிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்புச் சட்டம், தேவையானபோது தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும் கடமையைப் பொதுத்துறை நிறுவனங்கள் மீது சுமத்துகிறது. சிறுவர்களை இப்பணிக்குப் பயன்படுத்துவதை, மிகக் குறுகிய விதிவிலக்குகளுடன், அது தடை செய்கிறது. மருத்துவமனை ஏற்பாடு செய்யும் மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளி கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

வலியைச் சொல்லாமல் இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. முறையிட்டால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம் ஒன்று. வைத்தியரைக் குறை சொல்வது மரியாதையல்ல என்ற எண்ணம் மற்றொன்று. நியூயோர்க்கில் பரவிய நிலைப் புற்றுநோயாளர்கள் 766 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வின் முடிவு இவர்களைச் சற்றுச் சிந்திக்க வைக்கும். தமது அறிகுறிகளைக் கணினி வழியாகத் தொடர்ந்து அறிவித்து வந்தோரின் இடைநிலை ஆயுள் 31.2 மாதங்கள், வழமையான கவனிப்பைப் பெற்றோருக்கு அது 26 மாதங்கள்.

தவிரவும், தொடர்வது, நிறுத்துவது என்ற இரண்டுக்கும் இடையில் பல படிகள் இருக்கின்றன. மருந்தின் அளவைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம், ஒரு மருந்தை மட்டும் நீக்கலாம். ஒக்ஸாலிபிளாட்டின் விடயத்தில், 12 நாடுகளைச் சேர்ந்த 12,834 நோயாளிகளின் தரவுகளை ஒன்றிணைத்த ஆய்வு 2018இல் வெளியானது. ஆறு மாதச் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் குறிப்பிடத்தக்க நரம்புப் பாதிப்புக்கு உள்ளாகியிருந்தார்கள். மூன்று மாதத்துடன் நிறுத்தியோரில் அது 15 பேரளவில்தான். நோய் திரும்பும் ஆபத்து குறைந்த பிரிவினரில், மருந்துக் கலவையைப் பொறுத்து, மூன்று மாதமே ஏறக்குறைய அதே பயனைத் தந்தது. ஆபத்து கூடிய பிரிவினருக்கு இது பொருந்தாது. ஆகவே "நான் எந்தப் பிரிவில் இருக்கிறேன்?" என்பது மருத்துவரிடம் கேட்டாக வேண்டிய கேள்வி.

அதைவிட அடிப்படையான இன்னொரு கேள்வி, இச்சிகிச்சையின் நோக்கம் என்ன என்பது. நோயைக் குணமாக்கவா, திரும்பி வராமல் தடுக்கவா, ஆயுளைச் சில மாதங்கள் நீட்டவா? குணமாகும் வாய்ப்புக்காக நான்கு மாதம் அவதிப்படுவதும், எஞ்சியிருக்கும் நான்கு மாதத்தை அவதியிலேயே கழிப்பதும் ஒன்றல்ல. பதில் தெரியாமல் "போராடுங்கள்" என்று ஊக்கமளிக்கும் உறவினர்கள், பல வேளைகளில் தமது அச்சத்தையே நோயாளியின் தலையில் ஏற்றுகிறார்கள்.

நோர்வேஜியர்களுக்கும் இந்தப் பேச்சு எளிதாக வந்துவிடவில்லை. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவப் பேராசிரியர் பெர் ஃபூகெல்லி, 2009இல் தமக்குப் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்ட பின், மரணம் குறித்து நூல் எழுதினார், தொலைக்காட்சியிலும் பேசினார். 2017 செப்டம்பரில் அவர் காலமாகும்வரை அந்த உரையாடல் நாடு முழுவதும் கேட்கப்பட்டது. தமிழ்ச் சமூகத்துக்குள் அப்படியொரு குரல் இதுவரை ஓங்கி ஒலித்ததாகத் தெரியவில்லை.

தமிழகத்திலோ இலங்கையிலோ பணம் பல வேளைகளில் இம்முடிவை எடுத்துவிடுகிறது. நோர்வேயில் நோயாளி செலுத்தும் பங்குக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. எனவே முடிவின் பாரம் முழுவதும் மனதின் மீதே விழுகிறது.

நிறுத்துவதென்று தீர்மானித்தவரை மருத்துவமனை கைவிட்டுவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. அது சரியல்ல. வலி, குமட்டல், மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கான தணிப்புச் சிகிச்சை தொடரும். மாநகரசபையின் தாதியர் கட்டணமின்றி வீட்டுக்கே வருவார்கள். வீட்டில் சமாளிக்க முடியாதபோது மருத்துவமனைகளின் தணிப்புப் பிரிவுகளும், ஒஸ்லோவின் லோவிசன்பெர்க் போன்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்களும் இருக்கின்றன. அங்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம்.