சில்லைகளைப் பத்திரமாகக் கொண்டு செல்லுதல்

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாப் புல்வெளியிலும் ஏரிக்கரைப் புதர்களிலும் கூட்டங்கூட்டமாக மேயும் சில்லைகள் பத்துப் பதினைந்து கிராம் எடையே உள்ள சிறு பறவைகள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். ஆயினும் வலையிட்டுப் பிடித்து, சில வேளைகளில் பச்சைச் சாயமும் பூசி விற்போர் உளர். இவ்வாறு கைப்பற்றப்படும் பறவைகளுள் பல, விடுதலை பெறுமுன் வழியிலேயே மடிகின்றன.

மடிவதற்கு முதற் காரணம் பிடிக்கும் முறை. பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு அசைந்தால்தான் உடலிலுள்ள காற்றறைகள் துருத்தி போல் இயங்கி நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தும். மார்பைச் சுற்றி விரல்களை இறுக்கினால், அலகு திறந்திருந்தும் பறவை மூச்சுத் திணறி இறக்கும். முதுகு உள்ளங்கையிற் படிய, கழுத்தைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே தளர்வாக அமைத்துப் பிடித்தலே முறை. காலுக்கு வளையமிடும் ஆராய்ச்சியாளர் கையாளும் பிடி இதுவே. சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் 1957இல் குரங்குக் காய்ச்சல் கண்டறியப்பட்ட பின், பறவைகளின் வலசையை ஆராய முனைந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு இவ்வாறே வளையமிட்டனர்.

மிக நுண்ணிய இச்சுவாச அமைப்பே புகைக்கு எளிதில் இரையாகவும் செய்கிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கானரிக் குருவிகள் நச்சுவாயுவை அறியப் பயன்பட்டது இதனாலேதான். ஆகவே புகை ஏறும் இடத்தில் பெட்டியை வைத்தலாகாது.

கம்பிக் கூண்டில் மோதிச் சிறகும் தலையும் காயப்படுமாதலால், துளையிட்ட அட்டைப்பெட்டியே சிறந்தது. அடியில் துணி விரித்தால் கால் வழுக்காது. இருள் அச்சத்தைத் தணிக்கும். ஆனால் இருளில் சில்லை இரை பொறுக்காது. உடலின் உஷ்ணநிலை ஏறத்தாழ 41 டிகிரி. அதைக் காக்க ஓயாது உண்ண வேண்டியிருப்பதால், பகலில் சில மணி நேரப் பட்டினியும் ஆபத்தே. நெடும்பயணத்தில் இடையிடையே நிறுத்தி, வெளிச்சம் காட்டித் தினை இடவேண்டும். கிண்ணத்து நீர் சிந்தி இறகை நனைக்கும்; வெள்ளரித் துண்டு போதும். அலகில் நீர் ஊற்றுவது பெருந்தவறு: மூச்சுக்குழலின் வாய் நாவின் அடியிலேயே உள்ளது.

சாயத்தைக் களத்தில் கழுவ முயல வேண்டாம். நனைந்த சில்லைக்குப் பெங்களூரின் மார்கழி இரவுக் குளிர் தாங்காது. இறகு உதிர்ந்து புதிது முளைக்கும்போது சாயம் தானே நீங்கும்.

கைப்பற்றிய பறவைகள் வழக்குச் சொத்தாதலின், அவற்றை விடுவிக்க நீதிபதியின் ஆணை வேண்டும். அதற்கான மனுவை அன்றே கொடுத்தல் நலம்.