மேடையில் ஒரு தாலி, திரையில் ஒரு தாலி

முடிவு தெரிந்திருந்தும் மீண்டும் மீண்டும் பார்க்கத் தூண்டும் நாடகம் ஒன்று யாழ்ப்பாணத்தில் உண்டென்றால், அது ‘அரிச்சந்திர மயான காண்டம்’ ஆகும். கோயில் வீதியிற் பாய் விரித்து, விடியும்வரை விழித்திருந்து, அந்நாடகத்துக்காகக் கண்ணீர் சொரிந்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் கதை அறியச் சென்றாரல்லர். பாட்டுக் கேட்கவே சென்றனர்.

தமிழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போன்றோர் வளர்த்த இசை நாடக மரபு, கடல் கடந்து ஈழத்திலும் வேரூன்றியது. இங்கே அதனைக் ‘கொட்டகைக் கூத்து’ என்றும் வழங்குவர். அரிச்சந்திரன் என்றதும் ஈழத்தவர் நினைவில் முதலில் எழுபவர் காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). அவருடைய வசந்த கான சபாவினர் ஊரூராகச் சென்று இந்நாடகத்தை நடித்தனர். சந்திரமதியாக வேடந் தாங்கியவரும் ஆடவரே.

திரைக்கும் இக்கதைக்கும் உள்ள உறவோ மிகப் பழையது. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் எனப் போற்றப்படும் பால்கேயின் படம், 1913இல் வெளிவந்த ‘ராஜா அரிச்சந்திரா’வே. தமிழில் 1944இல் பி. யு. சின்னப்பாவும் கண்ணாம்பாவும் நடித்தனர். 1968இல் சிவாஜி கணேசனும் ஜி. வரலட்சுமியும் நடித்தனர். சின்னப்பா, சிவாஜி இருவருமே பாலர் நாடகக் குழுக்களிற் பயின்று திரைக்கு வந்தவர்கள்.

பண்ணைக் கடலுக்கு அப்பால், யாழ் நகரை நோக்கிக் கிடக்கும் மண்டைதீவில், 1968ஆம் ஆண்டுப் படத்தை அண்மையில் முதியோரும் மாணவரும் ஒருங்கிருந்து பார்த்தோம். மயானக் காட்சி நெருங்கியதும் பெரியவர் ஒருவர், தாம் இளமையில் மேடையிற் கேட்ட பாட்டை மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினார். அருகிலிருந்த பேரன், “படத்தைப் பாருங்கோ, அப்பு” என்றான். “பாக்கிறன் தம்பி, ஆனால் எனக்குக் கேக்கிறது வேற” என்றார் அவர்.

அவ்விடையில் ஓர் உண்மை உண்டு. மேடையில் நடிப்பவரே பாடுகிறார். ஆர்மோனியமும் மிருதங்கமும் அவர் மூச்சறிந்து தொடர்கின்றன. சபை உருகினால் அவர் ஓரடியைப் பத்து முறை பாடுவார். உருகாவிடின் விரைந்து கடப்பார். ஆகவே சபையும் நாடகத்தில் ஒரு பாத்திரமே. 1944ஆம் ஆண்டுப் படத்திலும் சின்னப்பா தம் குரலிலேயே பாடினார். 1968இலோ முகம் ஒருவருடையது, பாட்டுக் குரல் வேறொருவருடையது. திரையிற் பாட்டின் நீளம் முன்னரே அளந்து வைக்கப்பட்டது. நம் கண்ணீர் அதனை ஒரு கணமும் நீட்டாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். மைந்தனின் சடலத்தோடு வந்த சந்திரமதியிடம் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான் சுடலை காக்கும் அரிச்சந்திரன். ஒன்றுமில்லை என்கிறாள். “கழுத்திலே தாலி இருக்கிறதே” என்கிறான். அத்தாலி கணவன் கண்ணுக்கன்றிப் பிறர் கண்ணுக்குப் புலப்படாதது என்பது கதை. எதிரே நிற்பவன் யாரென்று அந்தக் கணத்திலேதான் அவள் அறிகிறாள்.

மேடையில் இது எளிது. பின்வரிசையில் இருப்பவருக்கு எந்தத் தாலியும் தெரிவதில்லை. பாட்டே அதனைக் காட்டுகிறது. எதனையும் அருகிற் கொணர்ந்து காட்டும் கமராவுக்கோ இது பெருஞ்சோதனை. தாலியைக் காட்டினால் கணவன் மட்டும் கண்டதை ஊர் முழுவதும் கண்டுவிடுகிறது. காட்டாவிடின் கமராவின் வல்லமை பயனற்றுப் போகிறது.

இதனாலே திரை தாழ்ந்தது என்று கூறோம். அழுகையை விழுங்கிக்கொண்டு கடமையின் பொருட்டுக் கூலி கேட்கும் ஒருவனது முகத்தை, கடைசி வரிசைப் பாட்டிக்கும் அருகிற் கொணரும் ஆற்றல் திரைக்கே உரியது. உதட்டின் சிறு நடுக்கம் ஓர் அடிப் பாட்டுக்கு ஈடாகிறது. மேடை நம் செவிவழி நெஞ்சிற் புகுகிறது. திரை கண்வழி புகுகிறது.

ஆயினும் இரண்டின் ஆயுளும் ஒன்றன்று. படச்சுருள் பேணப்பட்டால் படம் வாழும். மேடைப் பாட்டோ பாடுவார் உள்ளவரையே வாழும். 1990ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் மண்டைதீவு உள்ளிட்ட தீவக மக்களிற் பெரும்பாலோர் ஊர் துறந்து சிதறினர். சபை சிதறினால் நாடகம் எங்கே நிற்கும்? கடல் கடந்த நாடுகளில் வளரும் பிள்ளைகள் பலருக்கு அரிச்சந்திரன் என்பவன் திரையிற் கண்டவன் மட்டுமே.

ஆதலின் மாணவர்க்கு ஒரு சொல். படத்தைப் பாருங்கள், நன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் இன்றும் இசை நாடகம் மேடையேறுவதுண்டு. அதனையும் ஓரிரவு விழித்திருந்து பாருங்கள். வீட்டு முதியோர் முணுமுணுக்கும் பாட்டைத் தடுக்காது, உங்கள் கைபேசியிலே பதிந்து வையுங்கள். அந்தப் பாட்டைப் பதிந்த படச்சுருள் வேறெங்கும் இல்லாதிருக்கலாம்.